மோனோ காய்ச்சல்: தொண்டை வலி, கழுத்தில் நெறி, தீராத அசதி வந்தால் வீட்டில் என்ன செய்வது?

17 வயதுப் பையன். ஒரு வாரமாகக் காய்ச்சல். எச்சில் விழுங்கினாலே தொண்டை வலிக்கிறது. கழுத்தின் பின்பக்கம் இரண்டு புறமும் நெறி கட்டியிருக்கிறது, கண் இமை உப்பியிருக்கிறது. டெங்கு இல்லை, மலேரியா இல்லை என்று ரிப்போர்ட் வந்த பிறகும் எழுந்து உட்கார முடியவில்லை. அப்பாவுக்கு அது சோம்பேறித்தனமாகத் தெரிகிறது, அப்பத்தா கண்ணு பட்டுருச்சு என்கிறார். ராமநாதபுரம் மாவட்டத்தில் மண்டபம் முதல் சாயல்குடி வரையுள்ள கரையோர ஊர்க்காரர்களின் ரத்தத்தைப் பரிசோதிக்கிற லேப் டெக்னீஷியன் நான். இப்படி வருகிறவர்களில் சிலருக்கு இருப்பது எப்ஸ்டீன்-பார் வைரஸ் தொற்று.

1964-ல், உகாண்டாவிலிருந்து லண்டனுக்கு அனுப்பப்பட்ட ஒரு கட்டியின் செல்களில் ஆன்டனி எப்ஸ்டீன், இவோன் பார், பெர்ட் அச்சோங் மூவரும் கண்டுபிடித்த வைரஸ் இது. இந்தக் காய்ச்சலுக்கும் அதுதான் காரணம் என்று 1968-ல்தான் வெளியானது. பிலடெல்பியாவில் ஹென்லே தம்பதியின் ஆய்வகத்தில் வேலை பார்த்த டெக்னீஷியன் ஒருவருக்குக் காய்ச்சல் வந்தது. முன்பு எடுத்த அவருடைய ரத்தத்தில் இல்லாத எதிர்ப்புப் பொருள், காய்ச்சலுக்குப் பின் எடுத்த ரத்தத்தில் இருந்தது. என் தொழில் பார்த்த ஒருவரின் ரத்தத்திலிருந்து தெரிந்த உண்மை என்பதால் எனக்கு இதில் தனி ஈடுபாடு.

உலகில் பெரியவர்கள் 10 பேரில் 9 பேருக்கு மேல் இந்த வைரஸ் உடம்பில் இருக்கிறது. நம் ஊர்ப் பக்கம் பெரும்பாலும் குழந்தையாக இருக்கும்போதே தொற்றி, சளிக்காய்ச்சல் போலவோ, வந்ததே தெரியாமலோ போய்விடும். அப்போது தப்பியவர்களுக்கு வாலிப வயதில் தொற்றினால்தான் மேலே சொன்ன மாதிரி ஆளைச் சாய்க்கும். அதற்குப் பெயர் இன்ஃபெக்ஷியஸ் மோனோநியூக்ளியோசிஸ், சுருக்கமாக மோனோ.

இதைக் கொல்கிற மாத்திரை கிடையாது. உடம்பு தானாகவே அடக்கிவிடும். அது வரைக்கும் நாம் கெடுதல் பண்ணாமல் இருக்க வேண்டும். அதனால்தான் கீழே வருவதில் பாதி, செய்யக் கூடாதவை.

முதல் படி: என்ன காய்ச்சல் என்று பார்த்துக்கொள்ளுங்கள்

நம் கரையில் காய்ச்சல் என்றால் டெங்கு, மலேரியா, டைபாய்டு, எலிக்காய்ச்சல் எல்லாவற்றையும் நினைக்க வேண்டும். அவற்றில் சிலவற்றுக்கு உடனே மருந்து தேவை. ஆகவே மோனோவாக இருக்கும் என்று வீட்டிலேயே முடிவு கட்டாதீர்கள். மூன்றாம் நாளும் காய்ச்சல் விடவில்லை என்றால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ அரசு மருத்துவமனைக்கோ போய்விடுங்கள்.

நெறி எங்கே கட்டியிருக்கிறது என்று பார்த்துச் சொன்னால் டாக்டருக்கு உதவும். பொன்னுக்கு வீங்கியில் காதுக்கு முன்னாலும் தாடை ஓரத்திலும் வீங்கும். மோனோவில் கழுத்தின் பின்பக்கமாக, இரண்டு புறமும் உருண்டையாகத் தட்டுப்படும். ஒரே பக்கம் மட்டும் கட்டி, வாரக்கணக்கில் கரையாமல், எடையும் குறைந்தால் காசநோய் பரிசோதனை அவசியம்.

முதலில் கேட்க வேண்டியது முழு ரத்த எண்ணிக்கை, அதாவது சி.பி.சி. டெங்குவில் பொதுவாக வெள்ளணு குறையும். மோனோவில் கூடும், அதிலும் லிம்போசைட் வகை பாதிக்கு மேல் போகும். ஸ்லைடில் பார்த்தால் வழக்கத்தை விடப் பெரிதாக, பக்கத்துச் சிவப்பணுவின் மேல் ஒட்டி வளைந்த மாதிரி சில செல்கள் தெரியும். அவை 10 சதவீதத்துக்கு மேல் இருந்தால் மோனோவை நினைக்கலாம். டெங்குவிலும் இந்தச் செல்கள் வருவதுண்டு. அதனால் ஸ்லைடை ஒரு பேத்தாலஜிஸ்ட் பார்க்க வேண்டும் என்று கேட்டு வாங்குங்கள், மெஷின் தாளோடு திரும்பிவிடாதீர்கள்.

மோனோஸ்பாட் என்ற எளிய டெஸ்ட் உண்டு. முதல் வாரத்தில் 4 பேரில் ஒருவருக்கு நோய் இருந்தும் நெகட்டிவ் காட்டும். சின்னப் பிள்ளைகளிடம் அதை நம்பவே முடியாது. சந்தேகம் தீராவிட்டால், இந்த வைரஸுக்கு எதிராகப் புதிதாக உண்டாகும் எதிர்ப்புப் பொருளைத் தேடும் வி.சி.ஏ. ஐ.ஜி.எம். டெஸ்ட் எடுக்கலாம். எல்லோருக்கும் அது தேவையில்லை. முடிவு எதுவானாலும் வைத்தியம் ஒன்றுதான் என்கிறபோது வீண் செலவு.

இரண்டாம் படி: மெடிக்கலில் கேட்டு ஆன்டிபயாடிக் வாங்காதீர்கள்

தொண்டையில் வெள்ளையாகப் படிந்திருப்பதைப் பார்த்ததும் கடையில் அமாக்சிசிலின் வாங்கிப் போட்டுவிடுகிறார்கள். வைரஸை அது ஒன்றும் செய்யாது. அதோடு, மோனோ இருக்கும்போது அமாக்சிசிலினோ ஆம்பிசிலினோ எடுத்தால் சில நாள் கழித்து உடம்பெல்லாம் சிவப்பாகத் தடித்துப் படரலாம். 10-ல் 9 பேருக்கு இப்படி வரும் என்று பழைய கணக்குகள் சொல்லின. குழந்தைகளிடம் செய்த பின்னாளைய ஆய்வில் 3-ல் ஒருவர் அளவுக்கே வந்தது. அதுவும் குறைவில்லை.

நம் ஊரில் இதற்குப் பின் என்ன நடக்கிறது என்பதுதான் எனக்குக் கவலை. தடிப்பைப் பார்த்ததும் அம்மை போட்டிருக்கு என்று வாசலில் வேப்பிலை செருகிவிடுவார்கள். ஆஸ்பத்திரிக்குப் போவது நின்றுவிடும். வேப்பிலையால் கெடுதல் இல்லை. ஆனால் அந்த நாட்களில்தான் மண்ணீரல் வீங்கிக்கொண்டிருக்கும், யாரும் பார்க்க மாட்டார்கள். ஆகவே தடிப்பு வந்தால் என்ன மாத்திரை, எந்தத் தேதியில் போட்டோம் என்று எழுதி டாக்டரிடம் காட்டுங்கள். தொண்டையில் பாக்டீரியாவும் சேர்ந்திருந்தால் பொருத்தமான மருந்தை அவர் தருவார்.

உடம்பு உடனே தெம்பாக டெக்சா என்ற ஸ்டீராய்டு ஊசி போட்டுக்கொள்ளும் வழக்கமும் இருக்கிறது. ஸ்டீராய்டு என்பது மூச்சுப்பாதை அடைக்கும் அளவுக்கு வீங்கினால், அல்லது ரத்த அணுக்கள் ஆபத்தாக அழிந்தால், ஆஸ்பத்திரியில் வைத்துக் கொடுப்பது. சாதாரண மோனோவுக்கு அது வேண்டாம். அசைக்ளோவிர் என்ற வைரஸ் மாத்திரை போட்டாலும் குணமாகும் நாள் குறைவதில்லை.

மூன்றாம் படி: காய்ச்சலும் தொண்டையும்

பெரியவர்களுக்குப் பாராசிட்டமால் 650 மி.கி., 6 மணி நேர இடைவெளியில், நாளுக்கு 4 மாத்திரைக்கு மேல் வேண்டாம். பிள்ளைகளுக்கு எடைக்கு ஏற்ப டாக்டர் சொன்ன அளவு. மோனோவில் பெரும்பாலானவர்களுக்கு ஈரலும் லேசாகப் பாதிக்கப்படும். அதனால் அளவு மீறக் கூடாது, சாராயம், பீர், கள் எதையும் தொடக் கூடாது. டெங்கு இல்லை என்று உறுதியாகும் வரை டைக்ளோஃபினாக் ஊசி, இபுப்ரோஃபென் வேண்டாம். பிள்ளைகளுக்கு ஆஸ்பிரின் எப்போதும் கூடாது.

ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் அரை ஸ்பூன் உப்புப் போட்டு, நாளுக்கு நாலைந்து தடவை தொண்டை வரை கொப்பளிக்கச் சொல்லுங்கள். சாப்பாடு வழுக்கிக்கொண்டு இறங்க வேண்டும்: நொய்க் கஞ்சி, ஆறவைத்த கேப்பைக் கூழ், மோர், இளநீர், பருவத்தில் நுங்கு, காரம் போடாத மீன் சாறு. சிறுநீர் வெளிர் மஞ்சளாகப் போகும் வரை குடிக்க வேண்டும். விழுங்க முடியாமல் எச்சில் வாயோரம் வடிந்தாலோ, மூச்சு விடும்போது இரைச்சல் கேட்டாலோ 108.

நான்காம் படி: மண்ணீரலைக் காப்பாற்றுங்கள்

இதை மட்டுமாவது வீட்டில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டுங்கள். மண்ணீரல் இடது விலாவுக்குள் இருக்கும் உறுப்பு. மோனோ வந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு அது வீங்கி, விலாவுக்குக் கீழே இறங்கும். வீங்கிய மண்ணீரல் இளகிப்போயிருக்கும், ஓங்கி ஒரு இடி பட்டால் கிழிந்துவிடும். 1,000 பேரில் ஒருவர் முதல் 5 பேர் வரை என்று சொல்லும் அளவுக்கு அரிது. ஆனால் கிழிந்தால் வயிற்றுக்குள் ரத்தம் கொட்டும், உயிர் போகலாம். பெரும்பாலும் முதல் 4 வாரத்துக்குள் நடப்பது.

நம் கரையில் ஒரு ஆள் பார்க்கும் வேலையை நினைத்துப் பாருங்கள். வல்லத்தின் விளிம்பில் வயிற்றை அழுத்திக்கொண்டு வலை இழுப்பது. ஐஸ் பெட்டி தூக்குவது. கடல் பாசி எடுக்கப் போகும் பெண்கள் மூச்சடக்கி முங்குவது, நனைந்த பாசி மூட்டையைத் தூக்குவது. மாலையில் கபடி. இவை எல்லாமே அந்த இடத்தில் அழுத்தம் கொடுப்பவை. காய்ச்சல் தொடங்கிய நாளிலிருந்து குறைந்தது 4 வாரம் இவை எதுவும் வேண்டாம். அதற்குப் பிறகும் டாக்டர் வயிற்றைப் பார்த்து, தேவைப்பட்டால் ஸ்கேன் எடுத்து, சரி என்று சொன்ன பின்தான்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையுள்ள மீன்பிடித் தடைக்காலத்தில் வந்தால் ஓய்வெடுக்க வசதி என்று தோன்றும். ஆனால் படகைக் கரையேற்றி மராமத்து பார்ப்பதும் அப்போதுதான். படகு தள்ளப் போகாதீர்கள்.

வயிறு வலிக்குது என்றதும் குடலேற்றம் என்று எண்ணெய் தேய்த்து வயிற்றைத் தடவிவிடப் பாட்டிமாரிடம் கூட்டிப் போகும் பழக்கம் நமக்குண்டு. அன்போடு செய்வதுதான், ஆனால் இந்தக் காய்ச்சலில் அது கண்டிப்பாகக் கூடாது. வீங்கியிருக்கிறதா என்று வீட்டில் ஆளாளுக்கு அமுக்கிப் பார்ப்பதும் கூடாது.

திடீரென்று இடது மேல்வயிற்றில் கடுமையான வலி, இடது தோள்பட்டையில் காரணமில்லாத வலி, தலைசுற்றல், முகம் வெளுத்து வியர்ப்பது, மயக்கம் வந்தால் தண்ணீர்கூடக் கொடுக்காமல் 108-ஐ அழையுங்கள். மோனோ இருக்கிறது என்று ஆம்புலன்ஸ்காரரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். ராமேஸ்வரத்திலிருந்து ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கே 50 கி.மீ.க்கு மேல், மதுரைக்கு அங்கிருந்து இன்னும் 100 கி.மீ.க்கு மேல். நடுக்கடலில் இது நடந்தால் கடலோரக் காவல்படையின் 1554 எண் இருக்கிறது, ஆனாலும் கரை சேர மணிக்கணக்காகும். இந்தத் தூரத்தை நினைத்துத்தான் 4 வாரம் என்பதில் நான் இவ்வளவு பிடிவாதம்.

ஐந்தாம் படி: வீட்டில் மற்றவர்கள்

எச்சில் வழியாகத்தான் முக்கியமாகப் பரவும். தொற்றி 4 முதல் 6 வாரம் கழித்தே காய்ச்சல் தெரியும், குணமான பிறகும் மாதக்கணக்கில் எச்சிலில் வைரஸ் இருக்கும். ஆகவே ஆளைத் தனி அறையில் அடைத்துப் பயனில்லை. வீட்டுப் பெரியவர்களுக்கு அநேகமாக எப்போதோ வந்து போயிருக்கும். டம்ளர், டூத் பிரஷ், பீடி பகிர வேண்டாம். செம்பை அண்ணாந்து குடிக்கிற நம் பழைய வழக்கம் இங்கே அருமையாகப் பொருந்தும். கீழக்கரைப் பக்கம் சஹனில், அதாவது ஒரே பெரிய தட்டில், சேர்ந்து சாப்பிட உட்காருகிறவர்கள், காய்ச்சல்காரருக்கு மட்டும் கொஞ்ச காலம் தனித் தட்டு வையுங்கள். உறுப்பு மாற்று செய்தவர், கீமோ எடுப்பவர், எச்.ஐ.வி. உள்ளவர் வீட்டில் இருந்தால் அவருடைய டாக்டரிடம் தகவல் சொல்லிவிடுங்கள்.

ஆறாம் படி: அசதியை நம்புங்கள்

காய்ச்சலும் தொண்டையும் இரண்டு மூன்று வாரத்தில் தணியும். அசதி போகாது. சிலருக்கு ஒரு மாதம், சிலருக்கு மூன்று மாதம், 10-ல் ஒருவருக்கு 6 மாதம்கூட நீளும். வெளியில் பார்க்க ஆள் நன்றாகத்தான் இருப்பான். வீட்டில் திட்டு விழுவது அப்போதுதான். தயவுசெய்து திட்டாதீர்கள். அது நடிப்பில்லை, நோயின் மிச்சம்.

எப்படிச் சமாளிப்பது? காலையில் ஒரு வேலை, பிறகு படுக்கை. களைத்து விழும் வரை செய்யாமல், இன்னும் கொஞ்சம் தெம்பு இருக்கும்போதே நிறுத்தச் சொல்லுங்கள். குளித்துவிட்டுத் தெருமுனை வரை நடந்ததற்கு மறுநாள் கூடுதலாக அசந்தால், அடுத்த சில நாள் நடையைப் பாதியாக்குங்கள். அசரவில்லை என்றால் மெதுவாகக் கூட்டலாம். அதற்காக நாள் முழுக்கப் படுத்தே கிடப்பதும் உதவாது. பிளஸ் டூ பிள்ளை என்றால் டாக்டர் சான்றிதழோடு வகுப்பாசிரியரைப் பார்த்து, அரை நாள் வகுப்பு, விளையாட்டுப் பீரியட் இல்லை என்று முன்கூட்டியே பேசிவிடுங்கள். காய்ச்சல் விட்டு, நடமாட முடிந்தால் பள்ளிக்குப் போகத் தடையில்லை.

ஏழாம் படி: ரிப்போர்ட்டைப் பத்திரப்படுத்துங்கள்

இந்த வைரஸ் உடம்பை விட்டுப் போவதில்லை. ரத்தத்தில் பி செல்கள் என்ற வெள்ளணுக்களுக்குள் ஆயுள் முழுக்க அடங்கிக் கிடக்கும். சில புற்றுநோய்களோடு அதற்குத் தொடர்பு உண்டு. மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்ற நரம்பு நோய்க்கும் இதற்கும் உள்ள வலுவான தொடர்பை 2022-ல் அமெரிக்கப் படைவீரர்களின் ரத்த மாதிரிகளை வைத்துக் காட்டினார்கள். இணையத்தில் இதைப் படித்துவிட்டுத் தூக்கம் கெட வேண்டாம். உலகத்தில் அநேகமாக எல்லோரும் சுமக்கும் வைரஸ் இது, அவர்களில் மிக மிகச் சிலருக்கே அந்த நோய்கள் வருகின்றன.

பிற்காலத்தில் வேறொரு காய்ச்சலுக்கு டெஸ்ட் எடுக்கும்போது "ஈ.பி.வி. ஐ.ஜி.ஜி. பாசிட்டிவ்" என்று வரும். ஈ.பி.வி. என்பது எப்ஸ்டீன்-பார் வைரஸ், ஐ.ஜி.ஜி. என்பது பழைய தொற்றின் எதிர்ப்புப் பொருள். எப்போதோ வந்து போனது என்பதைத் தவிர அதற்கு அர்த்தமில்லை, வைத்தியமும் தேவையில்லை. இப்போதைய சி.பி.சி., ஈரல் டெஸ்ட், ஸ்கேன் எல்லாவற்றையும் தேதி வாரியாக ஒரு பைலில் போட்டு வையுங்கள். அமாக்சிசிலினில் தடித்திருந்தால் பைலின் மேலேயே பெரிதாக எழுதுங்கள்: "மோனோ இருந்தபோது வந்த தடிப்பு". அது நிரந்தர அலர்ஜியா இல்லையா என்பதைப் பின்னால் டாக்டர் முடிவு செய்ய அந்த ஒரு வரி வேண்டும்.