ஐ.ஆர். தேர்வு: கருவிகளை மட்டும் பார்த்துப் பறக்கத் தயாராவது எப்படி?

போகி அன்று காலையில் மீனம்பாக்கத்தைப் பற்றி வருகிற செய்தியைக் கவனித்திருப்பீர்கள். ஊர் முழுக்கக் கொளுத்திய பழைய பாயும் டயரும் கிளப்பிய புகை, மார்கழிக் கடைசிப் பனியோடு கலந்து ஓடுபாதையை மூடிவிடும். சில விமானங்கள் தாமதமாகும், சில பெங்களூருக்குத் திரும்பிவிடும். ஆனாலும் அந்தப் புகைக்குள்ளேயே சில விமானங்கள் வந்து இறங்கவும் செய்யும். அந்த விமானிகளிடம் இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங், சுருக்கமாக ஐ.ஆர்., இருக்கிறது. வெளியே எதுவும் தெரியாதபோது கருவிகளை மட்டும் பார்த்து விமானத்தை ஓட்டலாம் என்று லைசென்ஸில் தனியாகச் சேர்த்துத் தரும் தகுதி அது.

இந்தத் தேர்வில் தடுமாறுகிறவர்களுக்குப் பெரும்பாலும் ஓட்ட நன்றாகவே வரும். அடுத்த வேலை என்னவென்று யோசிக்கத்தான் நேரம் கிடைத்திருக்காது. ஆகவே கீழே உள்ள படிகளில் பாதிக்கு மேல் தரையில் செய்ய வேண்டியவை. பயிற்சிப் பள்ளி எந்த ஊரில் இருந்தாலும் சரி, இவற்றைச் சென்னையில் வீட்டிலிருந்தே தொடங்கலாம்.

படி 1: மணிக்கணக்கைச் சரிபாருங்கள்

நம் ஊர் விமானப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் டி.ஜி.சி.ஏ.வின் விதிப்படி ஐ.ஆருக்கு இரண்டு எண்கள் முக்கியம். கேப்டன் பொறுப்பில், ஊர் விட்டு ஊர் போகும் கிராஸ் கன்ட்ரி பறத்தல் 50 மணி நேரம். கருவிப் பறத்தல் 40 மணி நேரம். அதில் அங்கீகரிக்கப்பட்ட சிமுலேட்டரில் 20 மணி வரைதான் கணக்கில் வரும். லாக் புக்கில் ஒவ்வொரு பக்கத்தின் கூட்டுத்தொகையையும் இப்போதே சரிபார்த்து வையுங்கள். விண்ணப்பம் போடும் வாரத்தில் உட்கார்ந்து கூட்டினால் கண்டிப்பாக எங்கேயாவது இடிக்கும்.

வீட்டுக் கம்ப்யூட்டரில் ஓடும் எக்ஸ்-பிளேன் போன்றவை இந்த 20 மணியில் சேராது. ஆனால் எந்த வேலைக்குப் பிறகு எந்த வேலை என்ற வரிசையை மனதில் ஏற்ற அதைவிட மலிவான வழி எனக்குத் தெரிந்து இல்லை.

படி 2: காது சொல்வதைக் கேட்காதீர்கள்

சுழலும் ஆபீஸ் நாற்காலி ஒன்று போதும். கண்ணை மூடி உட்காருங்கள், ஒருவர் மெதுவாக, ஒரே வேகத்தில் சுற்றட்டும். கொஞ்ச நேரத்தில் சுற்றுவது நின்றுவிட்டதுபோல் தோன்றும். நாற்காலியை நிஜமாகவே நிறுத்தினால் எதிர்ப்பக்கம் சுற்றுகிறோம் என்று சத்தியம் செய்வீர்கள். உள்காதில் உள்ள அரைவட்டக் குழாய்களில் இருக்கும் திரவம், ஒரே வேகத்தில் சுற்றும்போது குழாயோடு சேர்ந்து ஓடத் தொடங்கிவிடும். அதனால்தான் அந்தக் குழப்பம். மேகத்துக்குள் விமானம் மெல்லச் சாய்ந்தால் காது அதைச் சொல்லாது. கருவியைப் பார்த்து நேராக்கினால் மறுபக்கம் சாய்ந்துவிட்டதுபோல் உடம்பு அடம்பிடிக்கும்.

இது அனுபவசாலிகளையும் விடாது. 1978 ஜனவரி 1 இரவு பம்பாயிலிருந்து துபாய்க்குக் கிளம்பிய ஏர் இந்தியா 855, போயிங் 747, சற்று நேரத்தில் அரபிக் கடலில் விழுந்து 213 பேரும் இறந்தார்கள். மூக்கும் இறக்கையும் எவ்வளவு சாய்ந்திருக்கின்றன என்று சொல்லும் ஆட்டிட்யூட் கருவி, கேப்டன் பக்கம் தவறாகக் காட்டியது. வெளியே கடலும் இருட்டும்தான். ஒரு கருவி பொய் சொன்னால் மற்றவற்றோடு ஒப்பிட்டுப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க முடியும். அந்தப் பழக்கத்தைத்தான் அடுத்த படி கற்றுக்கொடுக்கிறது.

படி 3: பார்வையைச் சுற்ற விடுங்கள்

நடுவில் இருக்கும் ஆட்டிட்யூட் இண்டிகேட்டர்தான் வீடு. அங்கிருந்து ஒரு கருவிக்குப் போய்விட்டு வீடு திரும்ப வேண்டும்: ஆட்டிட்யூட், ஆல்டிமீட்டர் (உயரம்), ஆட்டிட்யூட், ஹெடிங் (மூக்கு நோக்கும் திசை), ஆட்டிட்யூட், வேகம். புதியவர்கள் ஒரு கருவியிலேயே கண்ணை ஒட்டவைத்துவிடுவார்கள். உயரம் 80 அடி குறைந்துவிட்டது என்று ஆல்டிமீட்டரையே முறைத்துக்கொண்டிருப்பதற்குள் ஹெடிங் 15 டிகிரி ஓடிவிடும்.

பயிற்சிக்கு ஒரு வழி: ஆறு கருவிகளின் படத்தை ஏ4 தாளில் அச்சிட்டுச் சுவரில் ஒட்டுங்கள். நண்பர் ஒருவர் “உயரம் குறையுது” என்றால், எந்தக் கருவியைப் பார்த்து என்ன திருத்துவீர்கள் என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். சின்னப் பிழைக்குச் சின்னத் திருத்தம். ஐரோப்பியத் தேர்வுகளில் உயரத்துக்கு 100 அடி, ஹெடிங்குக்கு 5 டிகிரி வரைதான் விலகலாம். அதையே உங்கள் எல்லையாக வைத்துக்கொள்ளுங்கள்.

திருப்பங்களுக்கு வினாடிக்கு 3 டிகிரி என்ற ரேட் ஒன் கணக்கு. எவ்வளவு சாய்க்க வேண்டும்? வேகத்தைப் பத்தால் வகுத்து ஏழைக் கூட்டுங்கள். வேகம் 90 நாட் (மணிக்கு 90 கடல் மைல்) என்றால் 16 டிகிரி.

படி 4: மொட்டை மாடியில் ஹோல்டிங்

தேர்வுக்குப் படிக்கிறவர்கள் அதிகம் பயப்படுவது இதற்குத்தான். அதனால் கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம்.

ஹோல்டிங் என்பது ஒரு புள்ளியைப் பிடித்துக்கொண்டு நீள்வட்டமாகக் காத்திருப்பது. வேறு உத்தரவு இல்லையென்றால் திருப்பங்கள் வலப்பக்கம். 14,000 அடி வரை ஒரு கால், அதாவது நேராகப் போகும் ஒரு பக்கம், ஒரு நிமிடம். சிக்கல், எந்தப் பக்கத்திலிருந்து வந்தால் எப்படி உள்ளே நுழைவது என்பதில்தான்.

மாடியில் ஒரு பூந்தொட்டியை வையுங்கள். அதுதான் வி.ஓ.ஆர்., அதாவது விமானத்துக்குத் திசை காட்டும் ரேடியோ நிலையம். நிலையத்தை நோக்கி வரும் இன்பவுண்ட் கால் 250 டிகிரி, வலத் திருப்பம் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் விலகிப் போகும் அவுட்பவுண்ட் 070. இப்போது போன் காம்பஸைக் கையில் பிடித்துத் தொட்டியை நோக்கி நடங்கள். கேள்வி ஒன்றே ஒன்று: நீங்கள் நடக்கும் திசையிலிருந்து 070 எந்தப் பக்கம், எவ்வளவு தூரத்தில் இருக்கிறது?

நீங்கள் 040-ல் வந்தால் 070 உங்களுக்கு வலது பக்கம் 30 டிகிரியில் இருக்கிறது. வலது பக்கம் 70 டிகிரிக்குள் இருந்தால் டியர் டிராப்: தொட்டியைத் தாண்டி, அவுட்பவுண்டிலிருந்து 30 டிகிரி உள்வாங்கிய திசையில், அதாவது 040-லேயே ஒரு நிமிடம் போய், வலது திரும்பி இன்பவுண்டைப் பிடிக்க வேண்டும். 100-ல் வந்தால் 070 இடது பக்கம் 30. இடது பக்கம் 110 டிகிரிக்குள் இருந்தால் பேரலல்: தாண்டியதும் 070-ல் ஒரு நிமிடம், பிறகு இடது பக்கமாகத் திரும்பி வந்து பிடிக்க வேண்டும். 300-ல் வந்தால் 070 வலது பக்கம் 130-ல் போய்விட்டது. இரண்டு கணக்கிலும் வரவில்லை, அப்படியென்றால் டைரக்ட். தாண்டியதும் நேரே வலது திரும்பிவிடலாம். ஹோல்டிங் இடத் திருப்பமானால் இதில் வரும் வலது, இடது எல்லாவற்றையும் மாற்றிக்கொள்ளுங்கள்.

துணி காயப்போட வரும் பக்கத்து வீட்டு மாமி ஒரு மாதிரிப் பார்ப்பார். பரவாயில்லை, நடங்கள்.

அப்புறம் காற்று. சென்னையில் மதியத்துக்கு மேல் கடற்காற்று கிழக்கிலிருந்து வரும். நம் 250 இன்பவுண்டில் அது பின்னாலிருந்து தள்ளுவதால் ஒரு நிமிடக் கால் 45 வினாடியிலேயே முடிந்துவிடும். அடுத்த சுற்றில் அவுட்பவுண்டைக் கொஞ்சம் நீட்டினால் சரியாகும். பக்கக் காற்றுக்கு இன்பவுண்டில் எவ்வளவு மூக்கைத் திருப்பினீர்களோ, அவுட்பவுண்டில் அதைப்போல் மூன்று மடங்கு எதிர்ப்பக்கம் திருப்ப வேண்டும். ஏனென்றால் இரண்டு திருப்பங்களின்போதும் காற்று தள்ளிக்கொண்டுதான் இருக்கிறது, அங்கே திருத்த வழியில்லை.

படி 5: சார்ட்டும் வானிலையும்

இந்திய விமான நிலைய ஆணையத்தின் இணையத்தில் ஏ.ஐ.பி. சார்ட்டுகள், அதாவது விமானிகளுக்கான அதிகாரபூர்வ வரைபடங்கள், இலவசமாகக் கிடைக்கின்றன. சென்னையின் 07, 25 ஓடுபாதைகளுக்கான அப்ரோச் (இறங்க நெருங்கும் பாதை) சார்ட்டுகளை எடுத்துக்கொள்ளுங்கள். தாம்பரம் மின்சார ரயிலில் உட்கார்ந்தபடியே ஒரு சார்ட்டைப் படித்துவிடலாம். மேலிருந்து கீழாக எப்போதும் ஒரே வரிசை: அலைவரிசை, இறுதிப் பாதையின் டிகிரி, எந்த உயரத்தில் தொடங்குவது, எங்கே முடிவெடுப்பது, தெரியாவிட்டால் எங்கே ஏறுவது. திரிசூலத்தில் இறங்கி வானத்தைப் பாருங்கள். காற்று மேற்கிலிருந்தால் விமானங்கள் கடல் பக்கமிருந்து நகரத்தின் மேலாக வந்து 25-ல் இறங்கும். கிழக்கிலிருந்தால் பம்மல், அனகாபுத்தூர் பக்கமிருந்து 07-ல் இறங்கும். தாளில் பார்த்த கோட்டை வானத்திலும் பார்த்தால் மறக்காது.

மெட்டார் எனும் வானிலை அறிக்கையையும் தினமும் படியுங்கள். சென்னையின் குறியீடு வி.ஓ.எம்.எம். நேரம் யு.டி.சி.யில் இருக்கும், 0130 என்றால் நமக்குக் காலை ஏழு மணி.

வானிலையில் ஒன்றே ஒன்றைப் பிடித்துக்கொள்ளச் சொன்னால் கியூ.என்.எச்., அதாவது ஆல்டிமீட்டரில் அமைக்க வேண்டிய கடல்மட்டக் காற்றழுத்தம், என்பேன். வங்கக் கடலில் தாழ்வு மண்டலம் நெருங்கும் நாளில் அழுத்தம் 1000 மில்லிபார் என்று வைத்துக்கொள்வோம். ஆல்டிமீட்டரில் இருந்த வழக்கமான 1013-ஐ நீங்கள் மாற்றாமல் விட்டுவிட்டீர்கள். ஒரு மில்லிபாருக்கு ஏறக்குறைய 30 அடி. ஆக ஆல்டிமீட்டர் 390 அடி அதிகமாகக் காட்டும். அது 300 அடி என்று சொல்லும்போது விமானம் தரையில் மோதியிருக்கும்.

படி 6: ஐ.எல்.எஸ். அப்ரோச்

ஐ.எல்.எஸ். என்பது ஓடுபாதைக்கு நேராகவும் சரியான சரிவிலும் இறங்க ரேடியோ அலையால் வழிகாட்டும் அமைப்பு. நிலையத்தை டியூன் செய்தால் மட்டும் போதாது, மோர்ஸ் ஒலியைக் கேட்டு உறுதிசெய்ய வேண்டும். சென்னை வி.ஓ.ஆர். எம்.எம்.வி.: டா-டா, டா-டா, டி-டி-டி-டா. எக்ஸாமினர் இதைக் கவனிப்பார்.

வழக்கமான கிளைட் ஸ்லோப், அதாவது இறங்கு சரிவு, 3 டிகிரி. இறங்கும் வேகத்தைக் கண்டுபிடிக்கத் தரைவேகத்தை ஐந்தால் பெருக்குங்கள்: 90 நாட் என்றால் நிமிடத்துக்கு 450 அடி. இந்த எண்ணை முன்கூட்டியே மனதில் வைத்துக்கொண்டால், பாதையிலிருந்து விலகுவதைக் காட்டும் ஊசியைத் துரத்த வேண்டியிருக்காது. ஊசி விலகினால் 2, 3 டிகிரி திருத்திக் காத்திருங்கள். கிட்டே போகப் போகப் பாதை குறுகும், ஊசியும் துள்ளும். திருத்தம் இன்னும் சின்னதாக வேண்டும்.

ஐ.எல்.எஸ்.ஸின் அடிப்படை வகையான கேட்டகரி ஒன்றில் முடிவெடுக்கும் உயரம் தரைக்கு மேல் 200 அடிக்குக் கீழே போகாது. அங்கே விளக்குகளோ ஓடுபாதையோ தெரியவில்லையென்றால் உடனே பவர், மூக்கு மேலே, ஏறுமுகம் உறுதியானதும் பிளாப்பைச் சுருக்குவது. ரேடியோவில் பேசுவது எல்லாவற்றுக்கும் பிறகு. இதை அப்ரோச் தொடங்கும் முன்பே வாய்விட்டுச் சொல்லி வையுங்கள்: “200-ல் தெரியவில்லை என்றால் நேரே ஏறி, இந்த உயரம், இந்தப் பக்கம்.” தயங்காமல் மேலே ஏறுகிறவரை எக்ஸாமினருக்குப் பிடிக்கும். “இன்னும் கொஞ்சம் பார்ப்போமே” என்று இறங்கினால் தேர்வு அங்கேயே முடிந்தது.

படி 7: கருவி செத்தால்

பயிற்றுநர் திடீரென்று ஆட்டிட்யூட், ஹெடிங் இரண்டையும் மூடிவிடுவார். பல சிறிய விமானங்களில் இவை வேக்குவம் பம்பில் ஓடுகின்றன; திரும்பும் வேகத்தைக் காட்டும் டர்ன் கோஆர்டினேட்டர் மின்சாரத்தில். ஆக அதையும் கடிகாரத்தையும் வைத்துத் திரும்புங்கள்: 90 டிகிரிக்கு 30 வினாடி. திசைக்குக் காந்தக் காம்பஸ் இருக்கிறது. திரும்பும்போது அது தவறாகக் காட்டும் என்று புத்தகம் சொல்லும், ஆனால் நம் பக்கம் அந்தப் பிழை மிகக் குறைவு. பூமியின் காந்த நடுக்கோடு தென்னிந்தியா வழியாகப் போவதுதான் காரணம். தும்பாவை ராக்கெட்டுக்குத் தேர்ந்தெடுத்ததும் அதனால்தான். வெளிநாட்டில் பயிற்சி எடுப்பவர்கள் மட்டும் இந்தப் பாடத்தைத் தாண்டிப் போக வேண்டாம்.

விமானத்தைக் கோணலாக்கிவிட்டு “இப்போ சரிபண்ணுங்க” என்பார்கள். மூக்கு கீழே, வேகம் ஏறுகிறது: பவரைக் குறை, இறக்கையை நேராக்கு, அப்புறம்தான் இழு. மூக்கு மேலே, வேகம் குறைகிறது: பவர் கூட்டு, மூக்கை இறக்கு, பிறகு நேராக்கு.

படி 8: தேர்வு நாள்

முந்தின இரவு புதிதாக எதையும் படிக்காதீர்கள். காலையில் மெட்டார், நோட்டாம் (விமானிகளுக்கான அறிவிப்பு), எடைக் கணக்கு, எரிபொருள் எல்லாம் தாளில் தயாராக இருக்கட்டும். வாய்மொழிக் கேள்விகள் பெரும்பாலும் இவற்றிலிருந்துதான் தொடங்கும். பறக்கும்போது கை சும்மா இருக்கிற ஒவ்வொரு நிமிடமும் “அடுத்து என்ன?” என்று கேளுங்கள்: அடுத்த அலைவரிசை, அடுத்த ஹெடிங், அடுத்த உயரம். ஒரு பிழை நடந்தால் “உயரம் 120 அடி குறைவு, திருத்துகிறேன்” என்று சொல்லித் திருத்துங்கள். அதையே நினைத்துக்கொண்டிருந்தால் அடுத்த பிழை தானாக வரும். கட்டுப்பாட்டு அறை சொன்னது புரியவில்லையா, திரும்பக் கேளுங்கள்; அதற்கு மார்க் குறையாது.

இறங்கியதும் எக்ஸாமினர் கிளம்புவதற்கு முன்பே லாக் புக்கையும் தேர்வுப் படிவத்தையும் நீட்டிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள். தேதி, விமானப் பதிவெண், நேரம் மூன்றும் இரண்டிலும் ஒன்றாக இருக்கிறதா என்று அங்கேயே நின்று பாருங்கள். ஸ்கேன் செய்து டி.ஜி.சி.ஏ.வின் ஈ-ஜி.சி.ஏ. தளத்தில் ஏற்றும்போது அதில் ஒரு எண் மாறியிருந்தாலும் கோப்பு திரும்பி வந்துவிடும்.