ஏற்காட்டு ஓவிய வகுப்பில் சாரா குட்ரிட்ஜ்

1788-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் பிறந்த ஓவியர் சாரா குட்ரிட்ஜின் வாழ்க்கையை ஏற்காட்டுப் பிள்ளைகளுக்குச் சொல்ல விரும்பும் ஆசிரியர், தேதிகளில் தொடங்காமல் மரப்பட்டையில் தொடங்குவது நல்லது. தாள் அரிதாயிருந்த சிறுவயதில் அவர் மரப்பட்டையில் ஊசியால் கீறிப் படம் வரைந்தவர் என்பதால், தைல மரத்திலிருந்து தானாக உரிந்து விழுந்த பட்டையின் வழவழப்பான உட்புறத்தில், பக்கத்தில் இருப்பவரின் முகத்தைக் கீறச் சொல்லுங்கள்; அழிக்க வழியில்லை என்று தெரிந்ததும் கை தானாகவே நிதானப்படும்.

பின்னாளில் பாஸ்டனில் அவர் தீட்டிய சிற்றுருவப் படங்கள் தந்தத் தகட்டில் அமைந்தவை. தந்தம் இங்கே சட்டப்படி கூடாது. தீப்பெட்டி அளவுக்கு வெட்டிய கெட்டித் தாளே போதும். மெல்லிய தூரிகையால் புள்ளி புள்ளியாக வண்ணம் சேர்க்க வேண்டும். மூடுபனி இறங்கும் நாளில் பூச்சு எளிதில் காயாது என்பதால், அவசரப்பட்டால் கன்னம் கரைந்து தாடையோடு கலந்துவிடும். பார்வை மங்கியதால் அவர் தூரிகையைக் கீழே வைத்த செய்தியை, பிள்ளைகள் கண்ணைக் கசக்கும் நேரத்தில் சொல்லுங்கள்.