வரைந்த அன்று எல்லாப் படமும் அழகுதான்: இணைய ஓவிய அறிவுரைகளை நம்பிச் செய்யும் தவறுகள்

சென்ற மாதம் புதிதாக ஓவியம் பயிலும் ஒருவர் தன் வண்ணப் பெட்டியைத் திறந்து காட்டினார். அதிலிருந்த மூன்று டியூப்களைப் பார்த்ததும் எனக்கு வயிறு கலங்கியது. பத்து ஆண்டுகளுக்கு முன் நான் வாங்கி, என் பெயரையே கெடுத்துக்கொண்ட அதே வண்ணங்கள். "காணொளியில் எல்லோரும் இவற்றைத்தான் சொல்கிறார்கள்" என்றார். எனக்கும் அன்று அப்படித்தான் சொன்னார்கள்.

தினமும் வரையுங்கள், மட்டமான தாளில் நீர்வண்ணம் தீட்டாதீர்கள் என்பதையெல்லாம் இங்கே சொல்லப்போவதில்லை. கேட்கும்போது சரியாகத் தோன்றி, காலம் கடந்து கழுத்தை அறுக்கும் அறிவுரைகளைப் பற்றித்தான் எனக்குக் கவலை.

பளிச்சென்ற வண்ணத்தில் மயங்குவது

இறந்துபோன தன் தாயின் உருவப்படத்தை ஒருவர் என்னிடம் கேட்டிருந்தார். கன்னத்துக்கும் உதட்டுக்கும் உயிரூட்ட, இணையத்தில் அப்போது பலரும் கொண்டாடிய ஓர் இளஞ்சிவப்பைப் பயன்படுத்தினேன். தோலின் நிறக் கலவை முழுவதிலும் அது இருந்தது. படம் அற்புதமாக வந்தது. வாங்கிப்போனவர் கண் கலங்கினார். ஒன்றரை ஆண்டு கழித்துத் தொலைபேசியில் அழைத்தார். "அம்மா நோயாளி போல ஆகிவிட்டார்" என்றார். போய்ப் பார்த்தேன். சன்னல் வெளிச்சத்தில் சிவப்பு மட்டும் பறந்துபோய், கலவையில் மிஞ்சிய மஞ்சளும் நீலமும் முகத்தைப் பச்சை பாய வைத்திருந்தன. பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன், படத்தையும் மறுபடி வரைந்து கொடுத்தேன். ஆனால் தாயின் முகம் இரண்டாம் முறை மங்கியதை ஒரு மகன் பார்த்துவிட்டான். அதற்கு என்னிடம் ஈடு இல்லை.

எனக்கு இன்றும் ஆறாத கோபம் இதில்தான். அந்த வண்ணத்தைப் புகழ்ந்த ஒருவர்கூட, தீட்டி இரண்டு ஆண்டு ஆன படத்தைக் காட்டவில்லை. ஈரம் காயும்முன் படம் பிடித்து, அன்றே வெளியிட்டுவிடுகிறார்கள். அவர்களில் பலர் படத்தை ஸ்கேன் செய்து அச்சுப் பிரதிகளை விற்பவர்கள். மூலப்படம் இழுப்பறைக்குள் இருட்டில் கிடக்கும். அவர்கள் தொழிலுக்கு அந்த வண்ணம் பொருத்தமானதுதான். சுவரில் மாட்ட வரைபவருக்கு அதே அறிவுரை நஞ்சு. அறிவுரை சொல்பவர் தன் படங்களை என்ன செய்கிறார் என்பதை முதலில் பாருங்கள்.

இது புதிய ஆபத்தும் அன்று. பதினெட்டாம் நூற்றாண்டில் ஆங்கில ஓவியர் ஜோஷுவா ரெனால்ட்ஸ் வரைந்த முகங்கள், மங்கும் சிவப்பைப் பயன்படுத்தியதால், அவர் வாழ்நாளிலேயே வெளிறின. வான்கோ 1888இல் வரைந்த படுக்கையறையின் சுவர்கள் இன்று நீலமாகத் தெரிகின்றன. அவர் தீட்டியது வெளிர் ஊதா. அதிலிருந்த சிவப்பு போய்விட்டது.

டியூபின் முன்பக்கத்தில் உள்ள அழகான பெயரை விட்டுவிட்டு, பின்பக்கத்தின் பொடி எழுத்தைப் படியுங்கள். அங்கே நிறமியின், அதாவது வண்ணத்துக்கு நிறம் தரும் பொடியின், குறியீடு இருக்கும். அலிசரின் கிரிம்சன் என்ற அடர் சிவப்பில் 'பிஆர் 83' (PR 83) இருந்தால் அது வெளிச்சத்தில் மங்கும். 'பிவி 19' (PV 19) என்ற குவினாக்ரிடோன் நிறமியில் செய்த சிவப்பு பெரும்பாலும் நன்றாகத் தாங்கும். ஓபரா பிங்க் போன்ற ஒளிரும் வண்ணங்களில் நிறமியோடு ஒளிரும் சாயமும் கலந்திருக்கும். சாயம் முதலில் போய்விடும். வெளிச்சத்தை எவ்வளவு தாங்கும் என்று காட்டும் ஏ.எஸ்.டி.எம். (ASTM) தர வரிசையில் 1 அல்லது 2 என்று போட்டிருப்பதை மட்டும் விற்பனைக்கான படங்களில் பயன்படுத்துகிறேன். 'கலைஞர் தரம்' என்ற சொல் மட்டும் எதற்கும் உத்தரவாதம் ஆகாது.

அதைக்கூட நம்ப வேண்டாம், நீங்களே சோதியுங்கள். உங்களிடம் உள்ள எல்லா வண்ணங்களையும் ஒரு தாளில் பட்டைகளாகத் தீட்டி, குறுக்கே இரண்டாக வெட்டுங்கள். ஒரு பாதியை மூடிய புத்தகத்துக்குள் வையுங்கள். மறுபாதியை வெயில் படும் சன்னலில் ஒட்டுங்கள். மூன்று மாதம் கழித்து இரண்டையும் சேர்த்து வைத்துப் பாருங்கள். என் மாணவர்கள் எல்லோரும் இதைச் செய்துவிட்டுத்தான் முதல் படத்தை விற்கிறார்கள்.

ஆளி விதை எண்ணெய் இல்லையென்றால் சமையல் எண்ணெய்

எண்ணெய் வண்ணத்தில் கலக்க ஆளி விதை எண்ணெய் இல்லையென்றால் ஆலிவ் எண்ணெய் போதும் என்கிறார்கள். ஆலிவ் எண்ணெய் காயாது. எண்ணெய் வண்ணம் தண்ணீர் போல ஆவியாகிக் காய்வதில்லை. எண்ணெய் காற்றிலுள்ள ஆக்சிஜனை உறிஞ்சி இறுகிப் படலமாகிறது. ஆளி விதை, வால்நட், கசகசா எண்ணெய்களுக்கு அந்த இயல்பு உண்டு. ஆலிவுக்கும் கடலை எண்ணெய்க்கும் இல்லை. ஆண்டுக்கணக்கில் பிசுபிசுத்து, தூசியெல்லாம் வந்து ஒட்டும்.

எண்ணெய் வண்ணத்தின் மேல் அக்ரிலிக்

மேலே பூசிய அக்ரிலிக் (நீரில் கரைத்துத் தீட்டும் வண்ணம்) உரியும். அக்ரிலிக் அடியில், எண்ணெய் மேலே.

கரிக்கோல் படத்துக்கு ஹேர் ஸ்ப்ரே

கரி உதிராமல் இருக்க ஹேர் ஸ்ப்ரே அடிக்கச் சொல்கிறார்கள். பயிற்சித் தாளுக்கு அடியுங்கள். வைத்துக்கொள்ள விரும்பும் படத்துக்கு வேண்டாம்.

"கறுப்பைத் தொடாதே"

நிழலென்றால் கறுப்பு என்று பூசிவிடும் மாணவனை, நிழலுக்குள் இருக்கும் நிறங்களைப் பார்க்கவைக்க ஓர் ஆசிரியர் சில மாதங்களுக்குப் போடும் தடை இது. இணையத்தில் அது வாழ்நாள் சட்டமாகிவிட்டது. சுவீடன் ஓவியர் ஆண்டர்ஸ் சோர்ன் 1896இல் வரைந்த தன்னுருவப்படத்தில் கையில் வண்ணத்தட்டோடு இருக்கிறார். அவர் பெயரால் இன்று அறியப்படும் வண்ணத் தொகுதி வெள்ளை, மஞ்சள் காவி, வெர்மிலியன் சிவப்பு, ஐவரி கறுப்பு என்ற நான்குதான். மஞ்சளோடும் சிவப்போடும் சேரும்போது அந்தக் கறுப்பே குளிர்ந்த நீலம் போல வேலை செய்கிறது. ஒருநாள் இந்த நான்கை மட்டும் கொண்டு ஒரு முகம் வரைந்து பாருங்கள்.

துடைத்த துணியைக் கசக்கிக் குப்பையில் போடுவது

இதைச் சொல்லாமல் முடிக்க எனக்கு மனமில்லை. வண்ணத் தூரிகையைத் துணியில் துடைத்துப் பந்தாக எறியும் காட்சி காணொளிகளில் சாதாரணமாக வருகிறது. அதற்குப் பிறகு அந்தக் குப்பைத் தொட்டியை யாரும் காட்டுவதில்லை. ஆளி விதை எண்ணெய் இறுகும்போது வெப்பம் உண்டாகும். கசங்கிய துணிக்குள் அந்த வெப்பம் வெளியேற வழியின்றி ஏறிக்கொண்டே போய், சில மணி நேரத்தில் தானாகவே தீப்பற்றலாம். யாரும் கொளுத்த வேண்டியதில்லை. துணியை விரித்து வெளியே தனித்தனியாகக் காய வையுங்கள்; அல்லது தண்ணீர் ஊற்றிய உலோக டப்பாவில் முக்கி இறுக மூடுங்கள். தூங்கப் போகும்முன் செய்யுங்கள்.