பழைய டீசல் பென்ஸில் கியர் இடிக்கிறதா? மாடுலேட்டரைத் தொடும் முன்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஈசூனில் எங்கள் புளோக் கார்நிறுத்துமிடத்து மேல்தளத்தில் ஒரு தம்பி ஜாக்கை உருட்டிக்கொண்டு வந்தார். வண்டி மெர்சிடிஸ் 300டி, டபிள்யூ123 வகை, ஆட்டோ கியர், ஜோகூர் பதிவு எண். அப்பாவுடையதாம். ஒவ்வொரு முறை கியர் மாறும்போதும் பின்னாலிருந்து யாரோ முட்டியதுபோல இடிக்கிறதாம். கடற்பால நெரிசலில் நின்று நின்று நகர்ந்து வந்ததில் கழுத்தே வலிக்கிறது என்றார். “மாடுலேட்டரைக் கொஞ்சம் திருப்பினால் போதும் அங்கிள், வீடியோவில் பார்த்தேன்.” கியர் எவ்வளவு இறுக்கமாகப் பிடித்து மாற வேண்டும் என்று கியர்பாக்ஸுக்குச் சொல்லும் சின்ன உறுப்புதான் மாடுலேட்டர்.

நான் போட்ட சத்தத்தில் பக்கத்து லாட்டில் கார் துடைத்துக்கொண்டிருந்தவர் திரும்பிப் பார்த்தார். பாவம் தம்பி. அந்தத் திட்டு முப்பது வருஷத்துக்கு முந்திய எனக்கு விழ வேண்டியது.

எண்ணெய் அளவு பார்க்காமல் விடுவது போன்ற தவறுகளை நான் இங்கே சொல்லப்போவதில்லை. அது எல்லோருக்கும் தெரியும். வேக்குவம், அதாவது காற்றை உறிஞ்சி எடுப்பதால் உண்டாகும் இழுவிசை, அது சம்பந்தப்பட்ட தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

எப்போது மாறுகிறது, எப்படி மாறுகிறது: இரண்டையும் குழப்புவது

பெட்ரோல் எஞ்சினில் திராட்டில் தட்டு காற்றை மறிப்பதால் வேக்குவம் தானாகவே உண்டாகும். இந்த டீசலில் அந்தத் தட்டு கிடையாது. அதனால் எஞ்சினோடு சேர்ந்து ஓடும் ஒரு வேக்குவம் பம்ப் இருக்கிறது. பிரேக் பூஸ்டர், கதவுப் பூட்டுகள், சாவியைத் திருப்பியதும் எஞ்சினை நிறுத்தும் வால்வு, எல்லாம் அந்த ஒரே பம்பை நம்பித்தான் வாழ்கின்றன. கியர்பாக்ஸும் அதே குடும்பம்.

இன்ஜெக்‌ஷன் பம்பின் மேல் ஒரு கட்டுப்பாட்டு வால்வு உட்கார்ந்திருக்கும். ஆக்ஸிலரேட்டரை மிதிக்க மிதிக்க அது வேக்குவத்தைக் குறைத்துக்கொண்டே போகும். கியர்பாக்ஸின் பக்கவாட்டில் இருக்கும் மாடுலேட்டர் அதைப் பார்த்துத்தான் டிரைவர் எவ்வளவு மிதிக்கிறார் என்று தெரிந்துகொள்கிறது. வேக்குவம் அதிகம் என்றால் மெதுவாகப் போகிறார், பூப்போல மாற்றலாம். வேக்குவமே இல்லை என்றால் முழுசாக மிதிக்கிறார், கிளட்சுகளை இறுக்கிப் பிடிக்க வேண்டும். எங்கோ ஒரு ரப்பர் வெடித்து வேக்குவம் கசிந்தால், நீங்கள் ஆமை வேகத்தில் போனாலும் கியர்பாக்ஸ் ரேஸ் ஓடுவதாக நினைத்து இடிக்கும். அதன்மேல் குற்றமே இல்லை.

கியர் எந்த வேகத்தில் மாற வேண்டும் என்பதில் ஆக்ஸிலரேட்டரிலிருந்து போகும் கேபிளுக்குப் பங்கு உண்டு. சீக்கிரமோ தாமதமோ மாறினால் கேபிளைப் பாருங்கள். இடித்தாலோ வழுக்கினாலோ முதலில் வேக்குவம்.

இடிக்கிறது என்று மாடுலேட்டரைத் திருப்புவது

இதை இன்னும் என்னால் பொறுக்க முடிவதில்லை.

மாடுலேட்டரின் ரப்பர் மூடியைக் கழற்றினால் உள்ளே டி வடிவத்தில் ஒரு சின்னப் பிடி இருக்கும். அதைத் திருப்பினால் அழுத்தம் கூடும், குறையும். ஒரு சுற்று திருப்பினால் இடி போய்விடும். கையோடு பலன் தெரிவதுதான் இதிலுள்ள ஆபத்து.

எனக்கு அப்போது இருபத்தாறு வயது, ஒரு பட்டறையில் வேலை. 300டி ஒன்று வந்தது, இதே இடி. வண்டிக்காரர் அண்ணன் தங்கமான மனுஷர், எல்லாவற்றையும் சொன்னார். பின்பக்க இடது கதவுப் பூட்டு சோம்பேறித்தனமாகத்தான் விழுகிறது என்றார். சாவியை எடுத்த பிறகும் எஞ்சின் இரண்டு மூன்று நொடி ஓடித்தான் நிற்கிறது என்றார். “பழைய வண்டிண்ணே, அப்படித்தான்” என்று சிரித்துவிட்டுக் கியர்பாக்ஸுக்கு அடியில் போனேன். மாடுலேட்டரைத் திருப்பினேன். இடி நின்றது. தேக்காவில் எனக்குப் பிரியாணி வாங்கிக் கொடுத்தார்.

சில மாதம் கழித்து வேறொருவர் அந்தக் கதவுப் பூட்டின் கிழிந்த டயாஃப்ரத்தை, அதாவது உள்ளிருக்கும் ரப்பர் சவ்வை, மாற்றினார். கசிவு நின்று, வேக்குவம் முழுசாகத் திரும்பி வந்தது. நான் ஏற்கெனவே அழுத்தத்தைக் குறைத்து வைத்திருந்தேனே? இரண்டும் சேர்ந்து, கிளட்சைப் பிடிக்கும் அழுத்தம் போதாமல் போனது. இரண்டிலிருந்து மூன்றுக்கு மாறும்போது எஞ்சின் ஒரு கணம் கூவும், அப்புறம்தான் பிடிக்கும். வண்டி வழவழவென்று ஓடுகிறது என்று அவருக்கு ஒரே சந்தோஷம். அந்த வழவழப்போடு குடும்பத்தை ஏற்றிக்கொண்டு மலாக்கா போய் வந்தார். திரும்பியபோது கியர் எண்ணெயில் தீய்ந்த வாடை. பிரித்துப் பார்த்தால் கிளட்ச் தட்டுகள் கரி. பாதிச் செலவை நான் கொடுத்தேன். எத்தனை வெள்ளி என்று என் மனைவிக்கு இன்றுவரை தெரியாது.

இடி காதுக்கும் கழுத்துக்கும்தான் தொல்லை. வழுக்கல் கியர்பாக்ஸையே தின்றுவிடும். மாடுலேட்டரைத் திருப்பவே கூடாது என்பதல்ல. அதற்கு வரும் வேக்குவம் சரியென்று மீட்டர் காட்டிய பிறகு, கடைசி வேலையாக, கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்புங்கள். எத்தனை திருப்பு என்று எழுதியும் வையுங்கள்.

மீட்டர் இல்லாமல் தேடுவது

கையால் அழுத்தும் வேக்குவம் பம்ப், மீட்டரோடு ஒன்று வாங்குங்கள். எஞ்சின் சூடான பிறகு ஐடிலில், பம்பிலிருந்து வரும் பெரிய குழாயில் பாதரசக் கணக்கில் 20 அங்குலத்துக்கு மேல் காட்ட வேண்டும். டர்போ இல்லாத வண்டியில் மாடுலேட்டர் முனையில் சுமார் 10 முதல் 15. ஆக்ஸிலரேட்டர் லிவரைக் கையால் மெல்லத் தள்ளினால் முள் சீராக இறங்க வேண்டும். பம்பில் நன்றாக இருந்து மாடுலேட்டரில் குறைந்தால், கிளைகளை ஒவ்வொன்றாக அடைத்துப் பாருங்கள். எதை அடைத்ததும் முள் ஏறுகிறதோ அங்கேதான் திருடன். குழாயின் நிறத்தை மட்டும் நம்பாதீர்கள். நாற்பது வருஷத்து வண்டியில் எத்தனை கை பட்டிருக்குமோ.

மீன்தொட்டிக் குழாய் போடுவது

எஞ்சின் சூட்டில் இளகி, உறிஞ்சும்போது ஒட்டிக்கொள்ளும். வேண்டாம்.

சின்ன ஓட்டையைப் பெரிதாக்குவது

வேக்குவம் குழாய் வழியில் இருக்கும் பிளாஸ்டிக் துண்டின் ஊசி ஓட்டை அடைப்பு அல்ல. அளவெடுத்து வைத்தது.

மாடுலேட்டர் குழாய்க்குள் எட்டிப் பார்க்காமல் விடுவது

உள்ளே சிவப்பு எண்ணெய் ஈரம் இருந்தால் டயாஃப்ரம் கிழிந்துவிட்டது. மாடுலேட்டரை மாற்றுங்கள்.

முதல் கியர் செத்துவிட்டது என்று நினைப்பது

மென்மையாக மிதித்தால் இந்த நான்கு கியர் பெட்டி இரண்டாம் கியரில்தான் கிளம்பும். அழுத்தி மிதித்தால் முதலாவது வரும். இதற்காகக் கியர்பாக்ஸை இறக்கியவரையும் எனக்குத் தெரியும், பெயர் சொல்ல மாட்டேன்.

சரி, தம்பியின் வண்டிக்கு வருவோம். சாவியை எடுத்தும் எஞ்சின் நிற்காமல் ஓடியது. பானட்டைத் திறந்து, எஞ்சின் மேலிருக்கும் ஸ்டாப் லிவரை அழுத்தித்தான் நிறுத்தினோம். கட்டுப்பாட்டு வால்வுக்குப் போகும் முழங்கை ரப்பர் இரண்டாகப் பிளந்திருந்தது. அடுத்த வாரம் புதிது போட்டோம். ஜாக்குக்கு வேலையே வரவில்லை. இரண்டிலிருந்து மூன்றுக்குப் போகும்போது இன்னும் லேசாகத் தெரிகிறது அங்கிள் என்றார். அந்தக் கியர்பாக்ஸ் புதுசாக இருந்தபோதும் அப்படித்தான் தம்பி.