அம்மாவின் பராமரிப்புச் செலவுக்கு உதவி கேட்பது எப்படி

தமிழ்நாட்டில் மாற்றுத்திறனாளியான அம்மாவை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளும் பல குடும்பங்களில், கிடைக்க வேண்டிய தொகை கைநழுவுவதற்கு அம்மாவின் மன உறுதியே ஒரு காரணமாகிவிடுகிறது. மாற்றுத்திறன் சதவீதத்தை முடிவு செய்யும் மருத்துவக் குழுவின் முன்னால் டாக்டர், "நீங்களே சாப்பிடுவீங்களாம்மா?" என்று கேட்பார். "சாப்பிடுவேன் சார், அதுல ஒண்ணும் கஷ்டம் இல்ல" என்பார் அம்மா. சோற்றைக் குழையப் பிசைந்து, கிண்ணத்தில் போட்டு, தட்டு நழுவாமல் அடியில் ஈரத்துணி விரித்து, ஸ்பூனை இடது கையில் பொருத்திவிட்டு, பாதியில் புரையேறினால் நெஞ்சைத் தடவிக்கொடுக்க ஒருவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பது அந்தப் பதிலில் இருக்காது. டாக்டர் கேட்டதை எழுதிக்கொள்வார், சதவீதம் குறையும்.

அதனால் முதல் வேலை, 40 பக்க நோட்டு ஒன்று வாங்கி ஏழு நாளுக்கு எழுதுவது. நேரம், என்ன வேலை, எத்தனை பேர், எவ்வளவு நிமிடம். "காலை 6.10, கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்ற, 2 பேர், 12 நிமிடம்." "இரவு 1.30, புரட்டிப் படுக்க வைக்க, 1 ஆள், 10 நிமிடம்." ஒரே நாளை எழுதினால் அது நல்ல நாளாக அமைந்துவிடக்கூடும், ஏழு நாளில் நல்லதும் கெட்டதும் கலந்து வரும். கூட்டி எழுத வேண்டாம். நடந்ததை நடந்தபடி எழுதினாலே போதிய அளவுக்குக் கனமாக இருக்கும். மருத்துவக் குழுவிடம், மனுவில், சொந்தக்காரர்களிடம் என்று பின்னால் எல்லா இடத்திலும் இந்த நோட்டுதான் பேசப்போகிறது.

அதே நோட்டின் பின்பக்கம் செலவு. பொருளை எண்ணிக்கையோடு எழுதுங்கள். டயப்பர் ஒரு நாளைக்கு 3, மாதம் 90. ஒன்று 30 ரூபாய் என்றால் 2,700. வீட்டுக்கு வரும் பிசியோதெரபி வாரம் 3 முறை, மாதம் 12. ஒரு முறைக்கு 400 என்றால் 4,800. விலை ஊருக்கு ஊர் மாறும், உங்கள் கடை பில்லைப் பார்த்துப் போடுங்கள். "மாதம் சுமார் இருபதாயிரம் ஆகுது" என்று சொன்னால் கேட்பவர் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார். 90 டயப்பர் என்றால் நின்று கேட்பார்.

சான்றிதழும் சதவீதமும்

யூடிஐடி எனப்படும், மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய அடையாள அட்டை இல்லாமல் எந்தக் கதவும் திறக்காது. ஸ்வாவ்லம்பன் தளத்தில் நீங்களே விண்ணப்பிக்கலாம், இ-சேவை மையத்திலும் செய்யலாம். ஆதார், புகைப்படம், பழைய டிஸ்சார்ஜ் சம்மரி, ஸ்கேன் அறிக்கை எல்லாவற்றையும் ஒரே ஃபைலில் வையுங்கள். பக்கவாதம் போன்ற நரம்பு சார்ந்த பாதிப்புகளுக்குப் பொதுவாக நோய் வந்து ஆறு மாதம் கழித்தே மதிப்பிடுவார்கள். அந்த ஆறு மாதத்தைச் சும்மா விடாமல் ஆதார் பெயரையும் வங்கிக் கணக்குப் பெயரையும் சரிபார்த்துவிடுங்கள். இனிஷியல் ஒன்றில் முன்னாலும் ஒன்றில் பின்னாலும் இருப்பது, ஒன்றில் அப்பா பெயரும் இன்னொன்றில் கணவர் பெயரும் இருப்பது, இப்படிச் சின்ன வேறுபாடுகளால்தான் மனுக்கள் அதிகம் திரும்புகின்றன.

மூன்று எண்களை நினைவில் வையுங்கள்: 40, 75, 80. 40 சதவீதம் இருந்தால்தான் பெரும்பாலான திட்டங்களுக்குள் நுழைய முடியும். 75-ஐத் தொட்டால் கடுமையாகப் பாதிக்கப்பட்டோருக்கான மாதாந்திரப் பராமரிப்பு உதவித்தொகை. 80-க்கு வருமான வரியில் கூடுதல் கழிவு.

ஒன்றுக்கு மேற்பட்ட குறைபாடு இருந்தால் அத்தனையையும் மதிப்பிடச் சொல்லிக் கேளுங்கள். கை கால் வராததை மட்டும் பார்த்து அனுப்பிவிடுவது சாதாரணமாக நடக்கிறது. காது மந்தமும் பார்வைக் குறைவும் "வயசாயிடுச்சு" என்ற கணக்கில் போய்விடுகின்றன. இரண்டு சதவீதங்களை அப்படியே கூட்ட மாட்டார்கள். 90-இலிருந்து பெரிய எண்ணைக் கழித்து, வருவதைச் சிறிய எண்ணால் பெருக்கி, 90-ஆல் வகுத்து, அதைப் பெரிய எண்ணோடு சேர்ப்பார்கள். கை கால் பாதிப்பு 65, காது 40 என்றால், 90-இல் 65 போக 25. 25-ஐ 40-ஆல் பெருக்கி 90-ஆல் வகுத்தால் 11. ஆக மொத்தம் 76. காதைச் சோதிக்காமல் திரும்பியிருந்தால் 65-லேயே நின்றிருக்கும்.

குழுவின் முன் போவதற்கு முதல் நாள் அம்மாவிடம் உட்கார்ந்து பேசுங்கள். பொய் சொல்லச் சொல்லாதீர்கள், சொல்லவும் மாட்டார். "டாக்டர் கேட்டா, யார் உதவியும் இல்லாம எதைச் செய்ய முடியுதுன்னு மட்டும் சொல்லும்மா" என்று சொன்னால் போதும். நோட்டின் ஒரு நகலை டாக்டர் மேஜையில் வையுங்கள். சதவீதம் குறைவாக வந்துவிட்டதாகத் தோன்றினால் 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், பிரிவு 59-இன் கீழ் மேல்முறையீடு உண்டு. சண்டை போடாமல் புதிய மருத்துவ அறிக்கையோடு எழுத்தில் கேளுங்கள்.

மாதாமாதம் வரும் பணம்

இங்கேதான் குழப்பம் அதிகம், காரணம் இரண்டு துறைகள் தனித்தனியாகத் தருகின்றன. வருவாய்த் துறை தரும் மாற்றுத்திறனாளி ஓய்வூதியம் மாதம் 1,500 ரூபாய். இ-சேவை வழியாகப் பதிந்தால் விஏஓ (கிராம நிர்வாக அலுவலர்), ஆர்ஐ (வருவாய் ஆய்வாளர்) விசாரணை முடிந்து தாலுகா அலுவலகத்தில் ஆணை வரும். மாற்றுத்திறனாளிகள் நலத் துறை தரும் பராமரிப்பு உதவித்தொகை மாதம் 2,000. இதற்கு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் மனு. 75 சதவீதமும் அதற்கு மேலும் பாதிக்கப்பட்டோர் மட்டுமல்லாமல், பார்க்கின்சன், தண்டுவட மரப்பு நோய், தசைச்சிதைவு உள்ளவர்களுக்கு 40 சதவீதத்திலேயே இது உண்டு. பார்க்கின்சன் உள்ள அம்மாவுக்கு 60 சதவீதம் என்று சான்று வந்ததும் "75 இல்லையே" என்று மனுவே போடாமல் இருந்துவிடும் குடும்பங்களுக்காகவே இதை அழுத்திச் சொல்கிறோம்.

இரண்டையும் சேர்த்து வாங்க முடியாது. விதவை ஓய்வூதியமோ முதியோர் ஓய்வூதியமோ 1,200 வாங்கிக்கொண்டிருந்தாலும் இதே சிக்கல்தான். அவசரப்பட்டு அந்த 1,200-ஐ முதலில் ரத்து செய்துவிடாதீர்கள். பராமரிப்பு உதவித்தொகைக்குக் காத்திருப்போர் பட்டியல் இருக்கும். இடைப்பட்ட மாதங்களில் இரண்டும் இல்லாமல் நிற்க வேண்டியிருக்கும். "ஆணை கிடைத்தவுடன் தற்போதைய ஓய்வூதியத்தை விட்டுக்கொடுக்கச் சம்மதம்" என்று மனுவிலேயே ஒரு வரி எழுதுங்கள். இரண்டும் சில மாதம் சேர்ந்து வந்துவிட்டால் அதைச் செலவு செய்யாமல் எடுத்து வையுங்கள், பின்னால் பிடித்தம் செய்வார்கள்.

அம்மாவுக்கு எந்நேரமும் ஆள் வேண்டும் என்றால், மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் பிரிவு 38-இல் உள்ள "உயர் ஆதரவு தேவை" மதிப்பீட்டுக்குத் தனியாக மனு கொடுங்கள். பராமரிப்பு உதவித்தொகை பெறுவோரில் இப்படி உயர் ஆதரவு தேவைப்படுபவர்களைப் பார்த்துக்கொள்பவருக்கு மாதம் 1,000 ரூபாய் அரசு தருகிறது. ஏழு நாள் நோட்டு உண்மையில் பயன்படும் இடம் இதுதான்.

மனு கொடுத்தால் ஒப்புகைச் சீட்டு வாங்காமல் திரும்பாதீர்கள். மூன்று மாதம் தாண்டியும் பதில் இல்லை என்றால் திங்கள்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர்க்கும் நாளில் அதன் நகலோடு மறுபடி கொடுங்கள். அதுவும் நகரவில்லை என்றால் 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் மூன்றே கேள்வி கேளுங்கள்: மனு இன்று எந்த நிலையில் உள்ளது, காத்திருப்போர் பட்டியலில் வரிசை எண் என்ன, என் மனுவுக்குப் பின் வந்த எத்தனை பேருக்கு ஆணை வழங்கப்பட்டது. 30 நாளில் பதில் தர வேண்டும். மூன்றாவது கேள்விக்குப் பதில் தயாரிக்க யாராவது ஃபைலைத் திறந்தே ஆக வேண்டும்.

செலவே வராமல் பார்த்துக்கொள்ள

2021 ஆகஸ்ட்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகள் வீட்டுக்கே வரும். இயன்முறை சிகிச்சையும் வலி தணிப்புச் சிகிச்சையும் உண்டு. உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் அம்மா பெயரைப் பதியச் சொல்லுங்கள். மேலே சொன்ன 4,800-இல் ஒரு பகுதி இதிலேயே குறையும்.

சக்கர நாற்காலியை இனாமாகக் கிடைக்கிறதே என்று அளவு பார்க்காமல் வாங்காதீர்கள். உட்கார்ந்த நிலையில் அம்மாவின் இடுப்பகலத்தோடு 2 அங்குலம் கூடுதலாக இருக்கை போதும். அதற்கு மேல் அகலமானால் ஒருபக்கம் சாய்வார், சாய்ந்த பக்கம் புண் வரும். அடுத்து உங்கள் கழிப்பறைக் கதவின் அகலத்தை அளந்து பாருங்கள். படுக்கைப் புண்தான் வீட்டுப் பராமரிப்பில் மிகப் பெரிய மறைமுகச் செலவு. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டுவதும், ஏர் பெட் எனும் காற்று மெத்தையின் மோட்டார் இரவில் ஓடுகிறதா என்று கை வைத்துப் பார்ப்பதும் கட்டுத்துணிச் செலவையும் ஆஸ்பத்திரிச் செலவையும் தடுக்கும்.

நீங்கள் மாதம் 21,000 ரூபாய்க்குள் சம்பளம் வாங்கும் இஎஸ்ஐ (தொழிலாளர் அரசுக் காப்பீடு) உறுப்பினராக இருந்து, அம்மாவின் சொந்த வருமானம் மாதம் 9,000-க்கு மேல் இல்லை என்றால், அவரையும் இஎஸ்ஐயில் சேர்க்கலாம். மனைவி, குழந்தைகளோடு நிறுத்திவிடுபவர்கள் பலர். குடும்பத்தின் ஆண்டு வருமானம் 1,20,000-க்குள் இருந்தால் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம், ஆண்டுக்கு 5 லட்சம் வரை. ஆனால் அது ஆஸ்பத்திரிச் சிகிச்சைக்கு மட்டுமே, வீட்டில் பார்த்துக்கொள்ள வைக்கும் ஆளின் சம்பளத்துக்கு உதவாது.

வரி கட்டுபவர் என்றால், அம்மா உங்களைச் சார்ந்திருக்கும் பட்சத்தில் 80டிடி என்று அறியப்படும் வருமான வரிக் கழிவு: 40 சதவீதத்துக்கு 75,000, 80 சதவீதத்துக்கு 1,25,000. பழைய வரி முறையில் மட்டுமே உண்டு. எவ்வளவு செலவானாலும் இதே தொகைதான், பில் சேர்த்து வைத்தால் கூடுவதில்லை.

கூடப் பிறந்தவர்கள், வெளியார்

அண்ணன் தம்பி, அக்கா தங்கையிடம் கேட்கும்போது போனில் கேட்காதீர்கள், வாக்குவாதத்தில் முடியும். செலவுப் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பி, அரசு தருவது போகப் பாக்கி இவ்வளவு, ஆளுக்கு இவ்வளவு என்று எழுதுங்கள். பணம் தர முடியாதவர் மாதத்தில் நான்கு இரவு வந்து படுத்தால் அதையும் பங்காக எடுத்துக்கொள்ளுங்கள். இரவுத் தூக்கம் பணத்துக்குக் குறைந்ததல்ல. வசதி இருந்தும் மறுத்தால், 2007-ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டப்படி கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் அம்மா மனு செய்யலாம். பெற்றவர் என்ற முறையில் அவருக்கு 60 வயது ஆகியிருக்க வேண்டியதில்லை. அவரால் வர முடியாவிட்டால் அவர் அதிகாரமளிக்கும் ஒருவர் செய்யலாம். மாதம் 10,000 வரை உத்தரவிட முடியும்.

வெளியாரிடம் திரட்டுவது என்றால் அம்மாவின் சம்மதத்தை முதலில் கேளுங்கள். எந்தப் படம் போடலாம் என்பதை அவரே தேர்ந்தெடுக்கட்டும். தலைவாரி, நல்ல சேலையில் உட்கார்ந்திருக்கும் படத்தைத்தான் அவர் சொல்வார், அதையே போடுங்கள். எதற்கு, எத்தனை மாதத்துக்கு, எவ்வளவு என்று எழுதுங்கள். ஆதார் எண், முகவரி, மருத்துவ அறிக்கையின் முழுப்பக்கம் எதையும் வாட்ஸ்அப் குழுக்களில் விடாதீர்கள்.

வரியில் ஒரு கண்ணி உண்டு. சட்டம் உறவினர் என்று கணக்கிடாதவர்களிடமிருந்து ஒருவர் கணக்கில் ஓராண்டில் 50,000-க்கு மேல் வந்தால், 50,000-ஐத் தாண்டிய பகுதி மட்டுமல்ல, முழுத் தொகையும் அவருடைய வருமானமாகிவிடும். உங்கள் கணக்கில் வந்தால் உங்கள் சம்பளத்தோடு சேரும். வேறு வருமானம் இல்லாத அம்மாவின் கணக்கிலேயே வரச் செய்யுங்கள், அல்லது பதிவு பெற்ற அறக்கட்டளை மூலம் வரட்டும்.

ஆணை வந்த பிறகு

கேஒய்சி எனும் அடையாள விவரங்களைப் புதுப்பிக்காத வங்கிக் கணக்கு முடங்கினால் உதவித்தொகை வராது. ஆண்டுதோறும் வாழ்நாள் சான்று கொடுக்காவிட்டாலும் நின்றுவிடும். தற்காலிகச் சான்றிதழ் என்றால் முடியும் தேதியை காலண்டரில் குறித்து, மூன்று மாதம் முன்பே மறு மதிப்பீட்டுக்குப் பதியுங்கள். கையெழுத்துப் போட முடியாத அம்மாவை வங்கிக்குத் தூக்கி வரச் சொன்னால், ரிசர்வ் வங்கியின் விதியைச் சொல்லுங்கள்: வர முடியாத கணக்குதாரரின் கைரேகையை இரண்டு சாட்சிகள் முன்னிலையில் எடுக்கலாம், அதில் ஒருவர் வங்கி அலுவலராக இருக்க வேண்டும். விரலும் மடங்கிப்போயிருந்தால் கால் பெருவிரல் ரேகையும் செல்லும்.