பளபளக்கும் பழைய அம்பாசிடரை வாங்கும் முன்

புதுப்பித்த பழைய அம்பாசிடர் ஒன்று வெயிலில் மின்னிக்கொண்டு நின்றால் யாருக்கும் மனசு இளகும். எனக்கும் இளகும். அந்த நேரத்திலேயே விலை பேசி அட்வான்ஸ் கொடுப்பதுதான் பலர் செய்யும் முதல் தவறு.

அம்பாசிடருக்குத் தனிச் சேஸிஸ், அதாவது அடிச்சட்டம், கிடையாது. பாடிதான் மொத்த பாரத்தையும் தாங்குகிறது. கதவுகளுக்குக் கீழே நீளமாக ஓடும் பகுதியும் ஃப்ளோரும் டிக்கியின் அடித்தகடும் துருவில் அரித்துப்போயிருந்தால், மேலே என்ன பெயின்ட் அடித்தும் பயனில்லை. அரித்த தகட்டை வெட்டி எடுத்து வெல்டிங் செய்வதற்குப் பதில், பள்ளத்தை நிரப்பும் பசையான பட்டி போட்டு மூடிவிடுகிறவர்கள் உண்டு. ஒரு காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி எல்லாப் பக்கமும் வைத்துப் பாருங்கள். பிடிப்பு விடுகிற இடத்தில் பட்டி கனமாக இருக்கும். விரல் முட்டியால் தட்டினாலும் தெரியும்: வெறும் தகடு கணீரென்னும், பட்டி மொத்தென்னும். கார்ப்பெட்டைத் தூக்கிக் காட்டச் சொல்லுங்கள். அடியில் புதிதாகக் கறுப்புக் கோட்டிங் தெரிந்தால் இன்னும் கவனம் தேவை. வேலை நடந்தபோது எடுத்த படங்களைக் கேளுங்கள். மெனக்கெட்டுத் தகடு மாற்றியவர் பெரும்பாலும் படம் எடுத்து வைத்திருப்பார். ஒரு படம்கூட இல்லையென்றால், பெயின்ட் வேலை மட்டும் நடந்த வண்டி என்று வைத்தே விலை சொல்லுங்கள்.

அப்புறம் நம்பர்கள். ஆர்.சி.யில் உள்ள சேஸிஸ் நம்பரையும் இன்ஜின் நம்பரையும் வண்டியில் இருப்பதோடு நீங்களே ஒப்பிட்டுப் பாருங்கள். பழைய 1489 சிசி பெட்ரோல் இன்ஜினைக் கழற்றிவிட்டு டீசல் இன்ஜின் வைத்த வண்டிகள் நம் ஊரில் உண்டு. அவை நன்றாகவே ஓடும். ஆனால் 2021-இல் வந்த மத்திய அரசு விதிப்படி 'விஏ' வரிசையில் வின்டேஜ் பதிவு வாங்க, வண்டிக்கு 50 வயது தாண்டியிருக்க வேண்டும். சேஸிஸ், பாடி, இன்ஜின் எதிலும் பெரிய மாற்றம் இருக்கக் கூடாது. இன்ஜின் மாறிய வண்டியை வின்டேஜ் என்று நம்பிக் கூடுதல் பணம் கொடுத்தால் அது வீண்தான். அந்தப் பதிவு கிடைத்தாலும் கண்காட்சி, ராலி, பெட்ரோல் போடுவது, பழுது பார்ப்பது போன்றவற்றுக்குத்தான் சாலையில் எடுக்கலாம். தினமும் ஓட்ட ஆசைப்படுகிறவர் சாதாரணப் பதிவு நடப்பில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

மாடல் விஷயத்திலும் ஏமாற இடமுண்டு. 1950-களின் கடைசியில் தொடங்கி 2014 வரை வந்த வண்டி இது. கிரில்லையும் பம்பரையும் மாற்றினால் பிந்தைய வண்டியை ஆரம்பகால மாடல்களான மார்க் 1, மார்க் 2 சாயலுக்குக் கொண்டுவந்துவிடலாம். ஆர்.சி.யில் இருக்கும் தயாரிப்பு ஆண்டுதான் கணக்கு.

“இதுக்கு இவ்வளவு லட்சம் செலவு பண்ணியிருக்கேன்” என்று விற்பவர் பில்களை எடுத்து நீட்டுவார். அந்த உழைப்பை நான் மதிக்கிறேன். ஆனால் சந்தை விலை அவர் செலவைப் பார்த்து ஏறாது. இணைய விளம்பரத்தில் போட்டிருக்கும் தொகையும் வெறும் கேட்கும் விலைதான். அதே மாதிரி வண்டி கடைசியில் எவ்வளவுக்குக் கைமாறியது என்று, பழைய வண்டி வைத்திருக்கும் இரண்டு மூன்று பேரிடம் விசாரியுங்கள்.

பார்க்கப் போகும் நாளில், “நான் வரும்வரை ஸ்டார்ட் பண்ண வேண்டாம்” என்று விற்பவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஆறிப்போன இன்ஜின் எப்படி ஸ்டார்ட் ஆகிறது என்று பார்க்கத்தான் இது. போனதும் பானெட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால், இன்னொரு நாள் காலையில் வருவதாகச் சொல்லிவிட்டுத் திரும்பி வாருங்கள்.