இடப்பக்கமே ஓடிய அம்புகள்

18 மீட்டரில் என் ரிகர்வ் வில்லிலிருந்து (நுனிகள் முன்பக்கம் வளைந்த வில்) விட்ட அம்பெல்லாம் இடப்பக்கமே போய்க் குத்த, இரண்டு வாரம் என் கையைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன். அப்புறம்தான் உறைத்தது: நீளமாக இருக்கிறதென்று அம்புகளை ஒன்றரை அங்குலம் வெட்டியிருந்தேன். தண்டு குட்டையானால் விறைப்பு கூடும். நாணை விட்டதும் போதுமான அளவு வளைந்து வில்லைச் சுற்றிப் போகவேண்டியது, வளையாமல் ஒதுங்கிவிடும். நான் வலக்கைக்காரன், அதனால் இடது.

சந்தேகம் தீர, இறகு ஒட்டிய மூன்றும் இறகில்லாத இரண்டும் விட்டுப் பார்த்தேன். இறகு திருத்தாததால் தண்டின் குணத்தை அப்படியே காட்டும் அந்த மொட்டை அம்பு இரண்டும் ஒரு சாண் இடதுபக்கம் தள்ளி நின்றன. சரி, வெட்டியதை ஒட்ட முடியாது. தண்டு இன்னும் வளையட்டும் என்று 100 கிரெய்ன் (முனையின் எடை அளவு) முனையைக் கழற்றிக் கனமான 120 போட்டேன், வில்லின் மேல் கீழ் கைகளைப் பிடிக்கும் லிம்ப் போல்ட்டுகளை ஒரே அளவு இறுக்கி இழுவிசையைக் கொஞ்சம் கூட்டினேன். அதிலேயே பாதி சரியாயிற்று. மீதிக்கு பிளஞ்சர் (அம்பு பக்கவாட்டில் சாயும் சின்ன ஸ்பிரிங் குமிழ்) ஸ்பிரிங்கைக் கால் சுற்று தளர்த்துவதும், ஆறு அம்பு விடுவதும், நடந்துபோய்ப் பார்ப்பதுமாக ஒரு சாயங்காலமே போனது. கடைசியில் மொட்டை அம்புகள் மற்றவற்றோடு இரண்டு விரல் இடைவெளியில் வந்து நின்றன.

திருகு நகர்ந்தால் தெரிய, பிளஞ்சரில் தங்கையின் நெயில் பாலிஷால் ஒரு புள்ளி வைத்திருக்கிறேன். அவளுக்கு இன்னும் தெரியாது.